லேப் பிழை: பூஜ்யம்

இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது திரை. பதினெட்டு என்றால் பதினெட்டுதான். அந்த மெஷினைக் கெஞ்சினாலும் பதினேழாகாது, வைதாலும் பத்தொன்பதாகாது. ஊசி இறங்கி, விரல்நுனி அளவுக் குவளையின் அடியில் கிடந்ததை உறிஞ்சிக்கொண்டு மேலே போகும்வரை தெய்வநாயகி மூச்சு விடவில்லை. மாதிரி போதவில்லை என்று மெஷின் கூவும் என்றுதான் நினைத்தாள். கூவவில்லை. அந்த மட்டுக்கும் கோனியம்மன் கண் திறந்தாள். ஆனால் குமிழி? குவளையின் ஓரத்தில் குமிழி நின்றதா இல்லையா? குச்சி முனையால் ஒன்றைக் குத்தி உடைத்தாள், அது ஞாபகம் இருக்கிறது. அதற்கடியில் இன்னொன்று, கடுகளவில், இருந்ததுபோலவும் இருக்கிறது இல்லாததுபோலவும் இருக்கிறது. ஊசி குமிழியைத் தொட்டிருந்தால் பாதி காற்றைக் குடித்திருக்கும். பாதி காற்றைக் குடித்தால் எண் குறைவாக வரும். குறைவாக வந்தால் அது குழந்தையின் குறைவா, குமிழியின் குறைவா, யார் கண்டது? திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொட்டு இல்லை. நாற்பத்தொரு நாள் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்தது ஒரே ஒரு மில்லி ரத்தம். அதைச் சுழற்றியதும் பாதி அடியில் தங்கிவிட்டது. மேலே தெளிந்ததில் முக்கால்வாசியை இன்சுலின் பார்க்கக் கொடுத்தாயிற்று, கொடுத்தது பாழாகவும் ஆயிற்று. கடைசிச் சொட்டுதான் இப்போது மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழாயில் 'பேபி ஆஃப் நாகஜோதி' என்று ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பிள்ளைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

பாழாயிற்று என்று சொல்லிக்கொள்வது சுலபம். பாழாக்கினாள் என்று சொல்ல வேண்டும். மனசு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வண்டி மாடு பாலத்தைக் கண்டதுபோல் நின்றுவிடுகிறது. இருபத்து நான்கு வருஷமாக இந்த லேபில் இருக்கிறாள். கோயம்புத்தூரில் அவளிடம் தொழில் பழகிப்போன டெக்னீஷியன்கள் எத்தனையோ பேர். ரத்தம் உடைந்து வந்த மாதிரியை நாயகியக்கா வாங்கினாள் என்று அவர்களில் ஒருத்தரும் சொல்லமாட்டார். ரத்தத்தை முரட்டுத்தனமாக இழுத்தாலோ குலுக்கினாலோ உறைய விட்டாலோ சிவப்பணு உடையும், தெளிந்து நிற்க வேண்டிய நீர் ரோஸ் நிறமாகும். உடைந்த அணுவுக்குள்ளிருந்து கிளம்புகிற சரக்கு இன்சுலினைத் தின்றுவிடும். இதை வார்டு வார்டாகப் போய் வகுப்பெடுத்தவள் அவள். பச்சை அட்டை ரெஜிஸ்டரில், திருப்பி அனுப்பிய மாதிரிக்கெல்லாம் தேதி, வார்டு, காரணம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, நகல் எடுத்து அனுப்பி வைப்பவள் அவள். வார்டில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசத்தைத் தன் கைக்குச் சொல்ல மறந்துபோனாள்.

குழந்தைகள் வார்டு சிஸ்டர் லில்லிபுஷ்பம் தானே மாடியிறங்கிக் கொண்டுவந்தாள். ஐம்பத்தேழு வயசு, முழங்கால் வலி, லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் வந்திருக்கிறாள். தன்னுடைய காபி டம்ளரில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, அதற்குள் குழாயை நிறுத்தி, மேலே கையை வைத்து மூடிக்கொண்டு. "தங்கம் மாதிரி கொண்டாந்திருக்கேன் நாயகி. பத்திரம்." ஐஸ் தண்ணீர்தான் சரி. நேராக ஐஸ்மேல் வைக்கக் கூடாது, தொட்ட பக்கம் உறையும். லில்லி சரியாகத்தான் கொண்டுவந்தாள். அப்புறம் டம்ளரைத் திருப்பிக் கேட்டாள். பதினோரு மணிக் காபிக்கு அது வேண்டும், வேறு டம்ளரில் அவள் குடிக்கமாட்டாள். சுழற்றுகிற மெஷின் வேறு குழாய்களோடு ஓடிக்கொண்டிருந்தது, நிற்க நாலு நிமிடம். நாயகி குழாயை எடுத்துத் துடைத்தாள், டம்ளரைக் கொடுத்தாள், போன் அடித்தது. கை தானாக, மாதிரிகளைக் குளிரில் வைக்கிற நீலப் பெட்டியைத் திறந்து, ஃப்ரீஸரிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்த ஐஸ் பேக்மேல் குழாயைப் படுக்க வைத்தது. அடியில் துணியில்லை, ஸ்டாண்டில்லை. போனில், ஆஸ்பத்திரியில் தரக் கணக்கு பார்க்கிற பிரபாகரமூர்த்தி. "நாயகிக்கா, நாளைக்கு ஆடிட்டுங்க்கா. இந்த வருசம் வார்டுவாரியா எத்தனை ரத்தம் உடைஞ்சு வந்துச்சுன்னு படிங்க்கா, எழுதிக்கறேன்." அவள் படித்தாள். சந்தோஷமாகவே படித்தாள், அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. ஆண்கள் வார்டு மூணு, எமர்ஜென்ஸி நாலு, குழந்தைங்க வார்டு பதினொண்ணு. "லேப்ல ஏதாச்சும்?" "லேப்ல என்னைக்குப்பா இருந்துருக்குது? பூஜ்யம்னு போடு. நாலு வருசமா பூஜ்யம்." ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறாள். போனை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தபோது அது லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது, ஐஸ் குச்சி உதட்டில் ஒட்டுமே அந்த மாதிரி. அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சுழற்றினாள். சுழன்று நின்றபோது மேலே நின்றது தர்பூசணித் தண்ணீர்.

பதினான்கு நிமிடம். தெரிந்த பிறகாவது மாடிக்குப் போன் போட்டிருக்கலாம். போடாமல், ஒருவேளை தப்பித்துவிடும் என்று அந்த ரோஸ் தண்ணீரை இன்சுலினுக்குப் போட்டாளே, அதற்கு என்ன சமாதானம்? மெஷின் அப்போது அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தது, குழாய் அரைமணி நேரம் தட்டிலேயே காத்து நின்றது, தின்கிறதெல்லாம் அதற்குள் சாவகாசமாகத் தின்று முடித்திருக்கும். வந்த எண் ஒன்று புள்ளி மூன்று. சர்க்கரை முப்பத்தாறுக்கு விழுந்த நேரத்தில் இன்சுலின் ஒன்று புள்ளி மூன்று என்றால், இன்சுலின் நல்லபிள்ளையாக ஒதுங்கி இருக்கிறது, குற்றவாளி வேறு யாரோ என்று அர்த்தம். டாக்டர் வைதேகி அந்த எண்ணை நம்பினால் இன்சுலினைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடமாட்டார். வேறு எங்கோ தேடுவார். தேடுகிற நேரத்தில் பிள்ளை ஒரு விடியற்காலையில் பாலுக்கு எழாமல் விறைத்துக் கிடக்கும். மாதிரி செல்லாது என்று எழுதினால்? அப்போது மறுபடி எடுக்க வேண்டும். இந்த ரத்தத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. பிள்ளையைப் பட்டினி போட்டு, சர்க்கரை விழுகிறவரை காத்திருந்து, விழுந்த அந்த நேரத்தில் எடுக்க வேண்டும். போன ஆஸ்பத்திரியில் அப்படிக் காத்திருந்தபோதுதான் பிள்ளைக்கு வெட்டு வந்து கைகால் இழுத்தது. இங்கே ரத்தம் எடுத்த கையோடு நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றிவிட்டார்கள், பால் மட்டும் ரிசல்ட் தெரிகிறவரை கிடையாது. டாக்டர் நேற்றே சொன்னார்: "நாயகிம்மா, இதை ரெண்டாவது தடவை செய்ய எனக்கு தைரியம் இல்லை. ஒரே தடவையில சரியா வரணும்." சரிங்க டாக்டர், நானே பாத்துக்கறேனுங்க என்று சொன்னதும் இதே வாய்தான்.

காலையில் ரத்தம் பிடிக்கிற ஊதா மூடிக் குழாய்களைக் கொடுக்க மாடிக்குப் போனபோது நாகஜோதியைப் பார்த்தாள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் இருக்கிற பெண், இருபத்து மூன்று வயசுகூட இருக்காது. பிள்ளை ஆறு மணியிலிருந்து பட்டினி. உள்ளே கத்திக்கொண்டிருந்தது, முதலில் கோபமாக, அப்புறம் கெஞ்சலாக. வெளியே பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள், ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, துண்டை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. கத்துகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் பால் தானாக இறங்குகிறது, அவள் என்ன செய்வாள். "அக்கா, நீங்கதான் டெஸ்ட்டுக்காரங்களா? இன்னைக்கு ஒரு நாளோட முடிஞ்சிருமுங்களா?" "முடிஞ்சிரும் கண்ணு." ஏன் அப்படிச் சொன்னாள்? யார் கேட்டார்கள் இவளிடம் உறுதிமொழி? அந்த ரவிக்கையின் ஈரம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த ஈரத்தை நாளைக்கும் பார்க்க வேண்டுமென்றால் அவளால் முடியாது. அவளால் முடியாது என்ன, நாகஜோதியால்தானே முடியாது. இதிலும் தன்னையே முன்னால் நிறுத்திக்கொள்கிற புத்தி!

பத்து நிமிடம். மெஷினுக்குள் தட்டு ஒரு கட்டம் நகர்ந்தது. கிளிக். இப்போது அங்கே சுற்றுவது இன்சுலின் இல்லை, அதன் கூடப்பிறந்த துண்டு. கணையத்தில் இன்சுலின் தனியாகப் பிறப்பதில்லை. புரோஇன்சுலின் என்று ஒரே நீளச் சங்கிலியாகப் பிறக்கிறது, அதை நறுக்கினால் ஒரு பக்கம் இன்சுலின், நறுக்கிப் போட்ட நடுத்துண்டு சி-பெப்டைடு. எத்தனை இன்சுலினோ அத்தனை துண்டு. கடலையைத் தின்றுவிட்டு நான் தின்னவேயில்லை என்று சாதிக்கிறவனை, கீழே கிடக்கிற தோலை எண்ணிப் பிடிக்கிற கதைதான். உடைந்த அணுவின் சரக்கு இன்சுலினைத் தின்றாலும் இந்தத் துண்டை அவ்வளவாகத் தொடாது. டாக்டர் இதைக் கேட்கவில்லை, சொட்டு போதாது என்று விட்டுவிட்டார். மிச்சச் சொட்டை வழித்து இதற்குப் போட வேண்டும் என்று நாயகிக்குத் தோன்றியது புத்திசாலித்தனத்தால் அல்ல, பயத்தால். சர்க்கரை விழுந்த நேரத்தில் இது அரைக்கும் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் கணையம் அடங்காமல் இன்சுலினைக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று உறுதி, மருந்தைத் தொடங்கலாம், மறுபடி பட்டினி வேண்டாம். குறைவாக வந்தால் குமிழி. குமிழியா, உண்மையா? கடுகளவு. இருந்ததா?

போன் அடித்தது. லில்லி. "நாயகி, வந்தாச்சா? டாக்டரம்மா மூணு வாட்டி கேட்டாச்சு." "ஓடிட்டிருக்குதுங்க சிஸ்டர்." "சாம்பிள் நல்லா இருந்துதுல்லா?" "ம்." வைத்துவிட்டாள். ம். ஒரே எழுத்து. பொய்க்கு இதைவிடச் சின்னச் சட்டை தைக்க முடியாது. நல்லா இருந்தது என்பது உண்மைதானே, கொண்டுவந்தபோது நல்லாத்தானே இருந்தது, அதற்குத்தான் ம் என்றேன் என்று உடனே உள்ளே ஒரு வக்கீல் எழுந்து நின்றான். அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. இன்னும் பேசினான்: சி-பெப்டைடு நன்றாக வந்தால் பிள்ளை பிழைத்தது, இன்சுலினுக்கு எதிரே 'ரத்தம் உடைந்த மாதிரி, கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று ஒரு வரி போதும், எங்கே உடைந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? வார்டில்தான் உடையும். எப்போதும் வார்டில்தான் உடைகிறது. பதினொன்று பன்னிரண்டாகும். முழுப் பூசணிக்காயா இது, ஒரு மில்லி ரத்தம். நீலப் பெட்டி போன ஆடியில்தானே வந்தது, அதற்குமுன் எல்லாம் டம்ளரும் ஐஸ் தண்ணீருமாகத்தானே... அந்த நினைப்பு பாதியில் நின்றது. நிற்கவைத்தாள் என்பது சரி. கை தானாகப் பெட்டியைத் திறந்தது. தானாக என்றால்? பழகின கைதானே தானாகச் செய்யும்? எழுந்துபோய்க் கை கழுவினாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

குளிர் நல்லது. அவளுக்குச் சின்ன வயசிலிருந்து அப்படி ஒரு எண்ணம். இந்தப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். அன்னூரில் டவுன் பஸ் கண்டக்டர் அவர். புது ஃப்ரிட்ஜ். "நல்லாக் குளுகுளுன்னு இருக்கோணும்மா" என்று அம்மாவிடம் சொன்னது இவள்தான், எல்லாம் தெரிந்தவள்போல. அம்மா குப்பியை மேலே ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, செத்த மருந்தை மூன்று வாரம் போட்டுக்கொண்டார் அப்பா. கால் விரல் கறுத்தது. ஒருநாள் இவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள், உள்ளே திரிந்த பால்போல் துணுக்குகள் மிதந்தன. யாருக்கும் தெரியாமல் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புதுசு வாங்கி வந்து கீழ்த்தட்டில் வைத்தாள். விரலை எடுத்தாயிற்று. கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "எல்லாம் என்ற நாக்கு பண்ணுன வேலைங்க. கல்யாணத்துல நாலு பலாச்சுளை தின்னுபோட்டேன். நாக்க அடக்கோணும்." இவள் பக்கத்தில் நின்றாள். ம் என்றாள். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருந்தார் மனுஷன், ஒரு பலாச்சுளையைத் தொடவில்லை. சீசனில் பேரப்பிள்ளைகள் நீட்டினால், "தாத்தன் ஒருக்காத் தின்னு அனுபவிச்சாச்சு சாமி" என்று சிரித்துக்கொண்டே தள்ளி வைப்பார். அவர் போன அன்று காதோடு சொல்லிவிடலாம் என்று குனிந்தாள். ஆள் நிறைய இருந்தார்கள், சொல்லவில்லை.

இரண்டு நிமிடம். ஒன்று. திரையில் வட்டம் சுற்றியது. குமிழி இருந்தது. இல்லை. இருந்தது. நாகஜோதியின் துண்டு. எண் வந்தது: மூன்று புள்ளி நான்கு.

மூன்று புள்ளி நான்கு. கடலைத் தோல் குவிந்து கிடந்தது. பிள்ளைக்கு மறுபடி பட்டினி வேண்டாம். நாயகி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அழுகிறோம் என்பது துடைத்தபிறகுதான் தெரிந்தது. மாடிக்குப் போன் போட்டாள். டாக்டர் வைதேகி ஸ்பீக்கரில் போட்டார், பின்னால் வார்டின் சத்தம். "நாயகிம்மா, சி-பெப்டைடு யார் போடச் சொன்னது?" "நானேதானுங்க டாக்டர். இன்சுலினை நம்பாதீங்க, ரத்தம் உடைஞ்சிருச்சுங்க." "அடடா. நீங்க மட்டும் இதை யோசிக்கலைன்னா பிள்ளையை நாளைக்கு மறுபடி பட்டினி போட்டிருக்கணும். ரொம்ப நன்றிம்மா. மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடறேன். சிஸ்டர், அந்தம்மாவைக் கூப்பிட்டுப் பால் கொடுக்கச் சொல்லுங்க." செருப்பு பட்பட்டென்று ஓடுகிற சத்தம், நாகஜோதிதான். எல்லாம் முடிந்தது. நன்றியும் சொல்லியாயிற்று. போனை வைத்துவிடலாம். அப்போது லில்லியின் குரல் கிட்டே வந்தது, தணிவாக. "டாக்டர், ரத்தம் உடைஞ்சது என் கையாலத்தான் இருக்கும். ஏழு வாட்டி குத்தியும் நரம்பு கிடைக்கல்ல. கடைசியில கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன் போல. அஞ்சாறு மாசமா இப்பிடித்தான் ஆவுது. கை போச்சு. அடுத்த மாசத்திலேருந்து குழந்தைங்களுக்கு நான் எடுக்கல்ல, வேற ஆள் எடுக்கட்டும். நாயகி, உன் ரெஜிஸ்டர்ல எழுதிக்கோ. பன்னெண்டு."

பலாச்சுளை. வக்கீல் மறுபடி எழுந்தான். நாயகி அவன் வாயைத் திறக்க விடவில்லை. "சிஸ்டர், உங்க கை இல்லீங்க. நீங்க கொண்டாந்தப்ப ரத்தம் நல்லா இருந்துச்சுங்க. ஐஸ் பேக் மேல நேரா வெச்சது நானு. போன் பேசிட்டு ஒம்பது நிமிசம் மறந்துபோட்டேன். உறைஞ்சு உடைஞ்சுபோச்சு. டாக்டர், கேக்கறீங்களா, நாந்தானுங்க." டாக்டர், "சரி, அப்புறம் எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் போனார், குரலில் முன்பிருந்த நன்றி இல்லை. லில்லி போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, மூச்சு கேட்டது. திட்டுவாள் என்று நாயகி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். லில்லி திட்டவில்லை. சந்தேகம் கேட்கிறவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பதினொண்ணு, நாயகி?"

போன் வைக்கப்பட்டது. நாயகி பச்சை ரெஜிஸ்டரை இழுத்து, இன்றைய தேதி போட்டு, வார்டு என்ற கட்டத்தில் லேப் என்று எழுதி, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டாள். பிரபாகரமூர்த்தியைக் கூப்பிட்டு, அந்தப் பூஜ்யத்தை அடித்துவிடச் சொன்னாள். எத்தனைன்னு போடறதுங்க்கா என்று கேட்டான். இருப்பா என்று சொல்லி, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் புரட்டினாள். குழந்தைகள் வார்டு, கார்த்திகை, அம்மோனியா. குழந்தைகள் வார்டு, ஐப்பசி, அம்மோனியா. இன்சுலின். அம்மோனியா. எல்லாம் குளிரில் வைக்க வேண்டிய டெஸ்ட்டுகள், எல்லாம் லில்லி டம்ளரில் ஐஸ் தண்ணீரோடு கொண்டுவந்தவை, எல்லாம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபின் எங்கேயோ வைத்தவை. புரட்டிக்கொண்டே போனாள். ஆவணி. ஆடி. நீலப் பெட்டி வந்த ஆடிக்கு முன்னால் அந்த வார்டின் பெயரே ரெஜிஸ்டரில் இல்லை. "அக்கா, லைன்ல இருக்கறீங்களா? எத்தனைங்க்கா?" என்று பிரபாகரமூர்த்தி மறுபடி கேட்டான். நாயகி விரலை வைத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.